திருப்பி வைத்த பலகை

வையாபுரிக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் ஊரில் குறைவு. வையாபுரி கண்டுகொள்வதில்லை. தெரிந்தவரிடம்தானே கற்றுக்கொள்ள முடியும் என்பார்.

குருவின் பெயர் ரெஜினா. ஏற்காட்டுத் தோட்டங்களில் பிடுங்கிப் போடும் கிழட்டுக் காப்பிச் செடிகளின் கட்டையை வாங்கி மரக்கரண்டி செதுக்குகிறவர். வையாபுரி கீழே நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மில்லை மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் வேறு மில் தேடிப் போனார்கள். இவர் மலையேறி வந்து ரெஜினாவின் பட்டறையில் உட்கார்ந்துகொண்டார். அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். ரெஜினா இவரை அண்ணே என்றார்.

வையாபுரிக்குக் கை பழகிவிட்டது. ஆனால் இதுவரை அவருடைய கரண்டியை வாங்கியவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். தங்கை வாங்கினாள், சம்பந்தி வாங்கினார். அதை அடுப்படியில் புழங்குகிறார்களா, பரணில் போட்டுவிட்டார்களா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் மச்சினனோ, "மாமா, உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் சந்தைக்கு வந்திருந்தார். "முகம் தெரியாத ஒரு ஆளாவது என் கரண்டியை வாங்கணும். இல்லாட்டி திங்கக்கிழமை லாரி ஆபீஸ்தான்."

ஏரிக்கரை மைதானத்தில் கைவினைச் சந்தை. தொடங்கிய நாளிலிருந்து மழை. ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள், மதியத்துக்கு மேல் அது இன்னும் ஆங்காரமாக வந்தது.

மைதானத்தில் இருந்தவர்கள் கிடைத்த கூரைக்கு ஓடினார்கள். ரெஜினாவின் தார்ப்பாய்க்கு அடியிலும் ஒரு கூட்டம் நுழைந்தது. ரெஜினா மேசையைப் பின்னால் தள்ளி இடம் கொடுத்தார். பிறகு, முன்னால் நின்ற விலைப் பலகையை எடுத்து, எழுத்து தெரியாதபடி திருப்பி வைத்தார்.

வையாபுரி பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், இப்பத்தான ஆளுங்க வந்திருக்காங்க!"

"ஒதுங்க வந்திருக்காங்கண்ணே. மழைக்கு ஒதுங்குனவங்ககிட்ட நான் விலை சொல்றதில்ல. அந்தக் கம்பை எடுத்துத் தார்ப்பாயைத் தூக்கி விடுங்க. தண்ணி தேங்குது."

வையாபுரி கம்பை எடுத்தார். எதிர்க் கடை சோப்புக்காரர், "மழைத் தள்ளுபடி! மழைத் தள்ளுபடி!" என்று கூவிக்கொண்டிருந்தார். நனைந்து நின்ற ஜனம் ஆளுக்கொரு சோப்பு வாங்கியது. மழையில் சோப்பு விற்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்குமா? வையாபுரிக்கு வயிறு எரிந்தது.

கூட்டத்தில் தொப்பை வைத்த ஒருவர் கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"சும்மா வந்து கடையை அடைச்சுக்கிட்டு நிக்கிறோம். ஏதாவது ஒண்ணு குடுங்கம்மா. இது எவ்வளவு?"

அவர் எடுத்தது வையாபுரி செதுக்கியது. வையாபுரி கம்பை மறந்து திரும்பினார். தேங்கியிருந்த தண்ணீர் அவர் தோளிலேயே கொட்டியது.

"தாராளமா நில்லுங்க சார். மழை விட்டதும் பாத்துக்கலாம்" என்றார் ரெஜினா.

தொப்பைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மூலையில் ஒரு அம்மாள் நின்றார். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாவிக்கொத்து. மேசையின் கடைசியில் கிடந்த ஒரு கரண்டி அவர் கையில் இருந்தது. அதுவும் வையாபுரியுடையதுதான். கட்டை கோணலாக இருந்ததால் கழுத்து லேசாக வளைந்துபோயிருந்தது. அதை வெளியே காட்ட வெட்கப்பட்டுத்தான் கடைசியில் போட்டிருந்தார். அந்த அம்மாள் அதை வைத்துக் காற்றில் கிண்டினார். கையை மாற்றிப் பிடித்து மறுபடி கிண்டினார். மேசை விளிம்பில் கழுத்தை மாட்டி, நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது.

மழை சற்று அடங்கியது. தொப்பைக்காரர்தான் முதலில் வெளியே ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. சேலம் பஸ் ஹாரன் அடித்தது. அந்த அம்மாளும் கரண்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினார். தார்ப்பாய்க்கு அடியில் சேற்றுக் கால்தடங்கள் மட்டும் மிச்சம்.

வையாபுரி கம்பைக் கீழே போட்டார்.

"என்ன டீச்சர் இது? வலிய வந்து கேட்டாரு. குடுத்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? உங்களுக்கு வருசம் பூரா ஆர்டர் இருக்கு. எனக்கு நாளைக்கு லாரி ஆபீஸ்!"

குரல் கொஞ்சம் உடைந்தது. தன்னைவிட இளையவர் முன்னால் அப்படி ஆனதில் அவருக்குக் கோபம் கூடியது.

ரெஜினா துணியை எடுத்து, நனைந்த கரண்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்த சார் எந்தக் கரண்டியை எடுத்தாருண்ணே?"

"என்னோடதுதான்."

"அதான், எது?"

வையாபுரி மேசையைப் பார்த்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "ஏதோ ஒண்ணு. கைக்கு வந்ததை எடுத்தாரு."

"அந்தம்மா?"

"வளைஞ்ச கழுத்து. வலது கையில பிடிச்சாங்க, அப்புறம் இடது கையில. விளிம்புல மாட்டிக்கூடப் பாத்தாங்க. பாத்து என்ன? அவங்களும்தான் போயிட்டாங்க."

"போயிட்டாங்கதான்" என்றார் ரெஜினா. அடுத்த கரண்டியைத் துடைத்தார்.

"எதிர்ல பாருங்க, சோப்புக் கடை பாதி காலி."

"நல்லா வித்திருக்காரு. சந்தோசம்."

இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? வையாபுரி பலகையை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, ஸ்டூலில் போய்த் தனியாக உட்கார்ந்தார். வாங்குகிறவர் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை காற்றும் சேர்ந்துகொண்டது. நாலைந்து பேர் மறுபடி உள்ளே வந்து ஒண்டினார்கள். ரெஜினா பார்த்த பார்வையிலேயே வையாபுரி எழுந்து போய்ப் பலகையைத் திருப்பி வைத்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் வைத்தார்.

பிறகு கோணிப்பையை எடுத்துத் தன் கரண்டிகளை மட்டும் அதில் போடத் தொடங்கினார். ரெஜினா தடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் போடும்போது அது எந்தக் கட்டை, எங்கே முடிச்சு இருந்தது, எந்த இடத்தில் உளி வழுக்கியது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. லாரி ஆபீசில் இந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வளைந்த கழுத்தையும் பைக்குள் போட்டார்.

மைதானத்தின் கேட் பக்கத்திலிருந்து யாரோ வருவது தெரிந்தது. எல்லோரும் வெளியே ஓடுகிற நேரத்தில் ஒரே ஒரு ஆள் எதிர்த் திசையில். தலையில் பிளாஸ்டிக் பை, கணுக்கால் வரை சேறு. வழியில் இருந்த கடைகள் எதிலும் ஒதுங்கவில்லை. சோப்புக்காரர் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது.

அந்த அம்மாள் தார்ப்பாய்க்குள் வந்து மூச்சு வாங்கினார். மேசையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அந்தக் கழுத்து வளைஞ்ச கரண்டி போயிடுச்சா?"

வையாபுரி கோணிப்பையைப் பார்த்தார். ரெஜினாதான் கேட்டார்.

"உங்க பஸ்சு?"

"ஏறி உக்காந்துட்டேன்மா. ஆத்தூர்ல மெஸ் வச்சிருக்கேன், காலையில அடுப்பு பத்த வைக்கணும். ஆனா கை கேக்க மாட்டேங்குது. நேரா இருக்கிற கரண்டி எல்லாம் வழுக்கிக் குழம்புக்குள்ளயே போயிடும். நானும் எத்தனையோ வாங்கிப் பாத்துட்டேன். இது அண்டா விளிம்புல மாட்டுனா நிக்குமில்ல? வண்டி எடுக்கிறப்ப இறங்கிட்டேன். கண்டக்டர் திட்டினான். திட்டிட்டுப் போறான்."

வையாபுரி பைக்குள் கையை விட்டார். பார்க்காமலே அது கைக்கு வந்தது. துடைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் வாங்கி, ஒருமுறை கிண்டிப் பார்த்து, சிரித்தார்.

"இதேதான். எவ்வளவுங்க?"

வையாபுரி வாயைத் திறந்தார். விலை நாக்கு நுனியில் இருந்தது. தார்ப்பாய் மேல் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. திருப்பி வைத்த பலகையைப் பார்த்தார், குருவைப் பார்த்தார்.

"டீச்சர், மழை இன்னும் விடலையே" என்றார்.

"இவங்க மழைக்கு இங்க வரலண்ணே. பலகையைத் திருப்புங்க."