வளைந்த படிவரிசை

ரொம்பக் காலத்துக்கு முந்தி கூவைநாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காதில் விழுந்ததெல்லாம் தனக்கும் வேண்டும் என்பான். யவன தேசத்து ஓட்டப்பந்தய மைதானத்தைப் பற்றிக் கப்பல்காரர்கள் சொன்னதுதான் தாமதம், அதைப் பார்த்துவந்து கட்டச் சொல்லிக் கல்தச்சன் கொற்றனைக் கப்பலேற்றிவிட்டான்.

கொற்றனும் பார்த்துவந்து கட்டினான். அறுநூறு அடிக்கு ஓடுதடம். புறப்படும் இடத்தில் கால்விரல் பதிக்கப் பள்ளம் வெட்டிய கல். பக்கத்தில் மண்கரை, அதில் உட்காரக் கற்படி.

அந்த வேலையை மைத்துனனுக்கு வாங்கித்தர நினைத்திருந்த அமைச்சர் வயிரவநாதருக்கு வயிறு எரிந்தது. படியோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறு கட்டிக் காட்டினார்.

"நடுவில் தடத்தை விட்டு ஆறடி வெளியே பிதுங்கியிருக்கிறது, மகாராஜா. நேராக ஒரு வரிசை போடத் தெரியாதவன் இவன்."

கோணல் வேலை செய்த கையை வெட்டுவது அந்நாட்டு வழக்கம். கொற்றன் கணக்குப் போட்டான். கை போனால் தச்சனுக்கு என்ன மிச்சம்? யவனர்களும் வளைத்துத்தான் கட்டுகிறார்கள் என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

"வெட்டுவதற்கு முன் ஓர் ஓட்டம் பார்த்துவிடுங்கள், மகாராஜா. என் படியில் வேண்டாம். அமைச்சர் கட்டிய கயிற்றை ஒட்டி, நூல் பிடித்தாற்போல நாற்காலி போடச் சொல்லுங்கள்" என்றான்.

போட்டார்கள். புறப்படும் கோடியில் ராஜா, முடியும் கோடியில் நடுவராகச் சேனாபதி, இடையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும். நட்டநடுவில் வயிரவநாதர்.

ஓட்டம் தொடங்கிப் பாதிதூரம் போனதும் ராஜா கண்ணுக்குத் தலைப்பாகைகள்தான் தெரிந்தன. யார் ஜெயித்தது என்றே தெரியவில்லை. கடுப்பாகி மறுபடி ஓடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னான். தள்ளி உட்கார்ந்தவருக்கு அடுத்தவர் மறைத்தார். அவரைத் தள்ளினால் அதற்கடுத்தவர். இரண்டு கோடியிலிருந்தும் இப்படியே ஆளாளுக்கு முனகிக்கொண்டு நாற்காலியை இழுத்ததில் இரண்டாம் ஓட்டமும் போனது. மூன்றாம் ஓட்டம் எல்லோருக்கும் கடைசி அடிவரை தெரிந்தது. ராஜாவுக்கு ஒரே சந்தோஷம்.

கொற்றன் வயிரவநாதரிடம் போனான். கயிறு அவருக்கு ஆறடி முன்னால் கிடந்தது.

"நாற்காலியை இவ்வளவு தூரம் இழுத்தது யார், ஐயா?"

"நான்தான். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே" என்றவர், பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வரிசையைப் பார்த்தான், கற்படியைப் பார்த்தான். இரண்டும் ஒரே வளைவு. விழுந்து விழுந்து சிரித்தான். கொற்றனுக்குத் தங்கக் காப்பு போட்டான். அமைச்சரிடம், நாற்காலிகளை ஒவ்வொன்றாக அரண்மனைக்குத் தூக்கிப் போகச் சொன்னான்.

அடுத்த ஓட்டத்தை ராஜா கற்படியில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருந்த கொற்றன், ஜெயித்தவனுக்காக இரண்டு கையும் வலிக்க வலிக்கத் தட்டினான்.