அல்வா தின்ன ராசாவுக்கு ரெண்டு மனசு

ஒரே ஒரு ஊரு. அதுக்கு ரெண்டு ராசான்னு சனங்க பேசிக்கும், ஆனா ஆளு ஒருத்தர்தான். காலையில சிரிப்பாரு, கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பாரு. வெயில் ஏறினா மூஞ்சி சிடுசிடுன்னு ஆகி, எதிர்ல வந்தவனையெல்லாம் சிறையில தள்ளுவாரு. சோசியர் சனின்னாரு, பூசாரி பேய்ன்னாரு. ரெண்டுமில்ல. பொறுங்க, சொல்றேன்.

அந்த ஊர்ல மாயக்கான்னு ஒருத்தி, ஆடு மேய்க்கிறவ. அவ சோளக்கொல்லை மேல மந்திரிக்குக் கண்ணு. வெயில் ஏறட்டும்னு காத்திருந்து, "ராசா, மாயக்கா ஆடு உங்க தோட்டத்த மேஞ்சிடுச்சு"ன்னான். "அவளத் தூக்குல போடு, கொல்லைய நீ எடுத்துக்க!"ன்னாரு ராசா.

இழுத்துட்டு வந்தாங்க. மாயக்கா அழல. ராசா மூஞ்சியவே உத்துப் பாத்தா.

"என்னடி பாக்குற?"

"காலையில இந்த மூஞ்சி சிரிச்சுதே சாமி, நடுவுல என்ன சாப்பிட்டீங்க?"

"மந்திரி தர்ற அல்வா."

"அப்புறம்?"

"அல்வா."

"அதுக்கப்புறம்?"

"அல்வாதாண்டி! தின்னா மனசு பறக்கும், அப்புறம் தொப்புன்னு விழும்."

சாகப் போறவகிட்ட கடைசி ஆசை கேக்கணும்ல, கேட்டாங்க. "ஒரு வாரம் நான் ஆக்குறத மட்டும் ராசா சாப்பிடணும்"னா. கடைசி ஆசைய மறுத்தா குடிக்கு ஆகாதுன்னு பயந்து ஒத்துக்கிட்டாரு.

களி போட்டா, கீரை போட்டா, புளிச்ச மோர் ஊத்தினா. ராசா மொதல்ல தட்டை எறிஞ்சாரு, அப்புறம் மொணகிக்கிட்டே தின்னாரு, அப்புறம் "இன்னும் கொஞ்சம் வையி"ன்னாரு. வாரம் முடிஞ்சா, உச்சி வெயில்ல சாதுவா உக்காந்திருக்காரு!

"ஆமா, தோட்டத்தச் சுத்தி ஆளுயரச் செவுரு. உன் ஆடு எப்படி ஏறுச்சு?"

"அத மந்திரியக் கேளுங்க."

மந்திரி, "சத்தியமா ஏறுச்சு"ன்னான்.

"அப்ப அவருக்கும் அல்வாவே போடுங்க சாமி"ன்னா மாயக்கா.

அறையில வச்சு அல்வாவா போட்டாங்க. காலையில பாட்டுப் பாடினான். மத்தியானம் காவக்காரன் சும்மா, "மந்திரி, ஆடு எந்தப் பக்கமா ஏறுச்சு?"ன்னான். அவ்வளவுதான், எகிறிட்டான். "ஆடாவது மண்ணாவது! அல்வா தின்ன கிறுக்கன் உங்க ராசா, நான் சொன்னா எவ கழுத்தையும் முறிப்பான்!"

ராசா கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தாரு.

அப்புறமென்ன? சிறையில கெடந்தவங்க வெளிய வந்தாங்க, மாயக்காவுக்குக் கொல்லை, மந்திரிக்கு அவ ஆட்ட மேய்க்கிற வேலை. சோறு? களிதான். அவன் திருந்திட்டான்னு சொல்றாங்க, எனக்கு நம்பிக்கையில்ல.

உங்களுக்குக் காரணமில்லாம கோவம் வந்தா, மொதல்ல என்ன தின்னீங்கன்னு யோசிங்க. கதை தின்னாச்சு, எலைய மடிச்சாச்சு.