ஒரு முழம் இறங்கிய டிரெய்லர்

கொப்பாம்பட்டிக்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர்கள். தப்பாகச் செய்தாலும் முழுசாகத்தான் செய்வார்கள்.

அந்த ஊர் ஒச்சப்பனின் எருமை ராக்கு திடீரென்று தீனியைத் தொடவில்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோல அவரும் சாப்பிடாமல் கிடந்தார். மாட்டு டாக்டர் இருப்பது பக்கத்து ஊரில். மச்சினன் தவசியின் டிராக்டரில் டிரெய்லரை மாட்டினார்கள். ஆனால் டிரெய்லர் உயரம். ராக்கு முன்காலைக்கூடத் தூக்கவில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "டிரெய்லரை ஒரு முழம் இறக்குனா மாடு தானா ஏறிரும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கூட இருந்து இறக்கிக் கொடுத்திருக்கலாம், பாவி மனுஷன்.

"எல்லாரும் ஏறி உக்காருங்கப்பா, பாரத்துல தணியும்," என்றார் தவசி. ஊரே ஏறியது. வண்டி தணிந்தது. ராக்குவுக்கு இடமில்லை.

"நாம இறங்கிருவமா, மாப்ள?" என்றார் ஒச்சப்பன்.

"நாம இறங்குனா வண்டி ஏறிருமே, மாமா."

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்து யோசித்தார்கள். பிறகு டயரில் காற்றைப் பிடுங்கினார்கள். வண்டி நாலு விரல்கடை இறங்கியது, ஆனால் நகரவில்லை. திரும்பக் காற்றடித்தார்கள்.

கடைசியில் ஒச்சப்பனுக்குத்தான் வழி தோன்றியது. சக்கரங்களுக்கு அடியில் ஒரு முழம் குழி வெட்டினார்கள். ராக்கு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நடந்து ஏறியது. ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிராக்டர் இழுத்தது. டிரெய்லர் குழியை விட்டு வெளியே வந்து, பழைய உயரத்திலேயே நின்றது.

"நிறுத்து மாப்ள. இம்புட்டு உசரத்துல ராக்குக்குத் தலை சுத்துமே. அதுக்குத்தான ஏறமாட்டேன்னுச்சு."

நியாயம்தான். வண்டியைக் குழிக்குள் தள்ளி ராக்குவை இறக்கினார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அது தாழ்வாகவே போகட்டும் என்று டாக்டர் வீடு வரைக்கும் வண்டிப் பாதையில் சக்கரத்துக்கொரு பள்ளமாக வெட்டிக்கொண்டே போனார்கள். நோயாளியைத் தனியாக விட மனமில்லாமல் ஒச்சப்பன் ராக்குவையும் கூடவே ஓட்டிவந்தார். அது ஓரத்துப் பச்சையை மேய்ந்தபடி நடந்தது.

டாக்டர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா அசை போடுதே. ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க."

"அவசரப்படாதீங்க, டாக்டர்," என்றார் தவசி. "பள்ளம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு. மாட்டை இனிமேதான் வண்டில கொண்டாரணும்."

ஒச்சப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்க்கத் திரும்பினார். ராக்கு துள்ளி நடந்தது. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"நல்லவேளை மாப்ள, ராக்கு நல்லா நடக்குது. இல்லேன்னா வண்டில ஏத்துறதுக்கு இதை ஊருக்கு எப்படிக் கொண்டுபோறது?"