ஏழாவது கட்டுரை

அருள்தாஸ் ஒரு நூற்பாலையில் மனிதவள அதிகாரி. வயது நாற்பத்தொன்பது. அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் மங்கையர்க்கரசி, அவரைவிடப் பத்து வயது சின்னவர். அதனால் பேராசிரியரும் அருள்தாஸை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

ஆறு வருட முனைவர் பட்ட ஆய்வில் ஒரே ஒரு முடிச்சு பாக்கி. தொழிலாளர்களுக்கு இலவச வேன் விட்ட மில்களில்தான் ஆட்கள் அதிகமாக வேலையை விட்டு நின்றார்கள். ஏன் என்று அருள்தாஸுக்கு விளங்கவே இல்லை. திங்கட்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. காரணம் சொல்லாவிட்டால் பதிவு ரத்து. ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது.

யாராவது காரணம் சொல்வார்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் மேலாண்மை மாநாட்டுக்குப் போனார். மறுநாள் காலை தொங்கிய முகத்தோடு பேராசிரியரின் அறைக்கு வந்தார்.

அவர் அமர்வில் மொத்தம் எட்டுக் கட்டுரைகளாம். வாசித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையோடு சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எட்டாவதாக இவர் எழுந்தபோது அமர்வுத் தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரும் போனில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தன் கேள்வியைக் கேட்டதும் 'அருமையான ஆய்வு' என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

"கேக்கவே ஆள் இல்ல மேடம். எதுக்குத்தான் இதெல்லாம் நடத்துறாங்கன்னு புரியல."

பேராசிரியர் கையை நீட்டினார். அருள்தாஸ் சான்றிதழைக் கொடுத்தார். பேராசிரியர் அதை ஓரமாக வைத்துவிட்டு, மாநாட்டில் கொடுத்த ஆய்வுச் சுருக்கத் தொகுப்பைக் கேட்டு வாங்கினார்.

"உங்களுக்கு முன்னாடி யார் சார் பேசினது?"

அருள்தாஸ் யோசித்தார். "பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா. என்ன பேசினாங்கன்னு கவனிக்கல. கடைசி நேரத்துல என் ஸ்லைடுல எழுத்து சின்னதா தெரிஞ்சுது. அதைப் பெருசாக்கிக்கிட்டு இருந்தேன்."

பேராசிரியர் பக்கத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தார். ஏழாவது கட்டுரை. செண்பகவல்லி, ராஜபாளையம். நாலே வரிகள். இலவச வேன் வந்தபின் ஆட்கள் ஏன் அதிகமாக வேலையை விட்டு நிற்கிறார்கள் என்பது பற்றி. கடைசி வரியில், 'இதற்கான காரணத்தை அரங்கில் விளக்குவேன்' என்று இருந்தது.

அருள்தாஸ் அதை இரண்டு முறை படித்தார். போன் நம்பரோ ஈமெயிலோ இருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை.

"இப்ப யாரைப் போய்க் கேக்கிறது மேடம்?"

"அவங்க பேசினப்ப அந்த ரூம்ல யார் இருந்தாங்களோ, அவங்களைக் கேளுங்க சார்."