முத்தும் முத்தமும்

மருதங்காட்டு ஏரியில் கார்முகில் என்றொரு நீர்க்காகம் இருந்தது. அது ஒரு கவி. ஏரி நடுவே நின்ற பட்டமரத்தில் உட்கார்ந்து, சிறகை விரித்து உலர்த்தியபடியே பாட்டுக் கட்டும். ஒரு வரி சரியாக அமைய இரண்டு நாள்கூட ஆகும்.

பெரிய பறவைகளுக்காக அது நிறையப் பாடியிருந்தது. நாரைகள் தலையாட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடும். ஒரு கோடையில், முதன்முதலாக வாத்துக் குஞ்சுகளுக்காக ஒரு பாட்டுக் கட்டியது.

மீனே மீனே எங்கே போனாய்?
மேகம் பார்க்க மேலே போனேன்.
மேகம் உனக்கு என்ன தந்தது?
மூக்கு நுனியில் முத்துத் தந்தது.

குஞ்சுகள் சொக்கிப் போயின. விடிந்ததும் பட்டமரத்தடிக்கு நீந்தி வந்து, பாடு பாடு என்று நச்சரித்தன. கார்முகிலுக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் வாய்த்ததில்லை.

ஒருநாள் தாழை என்ற குஞ்சு கடைசி அடியை மாற்றிப் பாடியது. "மூக்கு நுனியில் முத்தம் தந்தது."

"முத்தம் இல்லை, முத்து. மழைத்துளியைச் சொல்கிறேன்" என்றது கார்முகில்.

"மேகத்துக்கு முத்தம் கொடுக்கத் தெரியாதா, மாமா?"

மற்றக் குஞ்சுகளும் முத்தம் என்றே பாடத் தொடங்கின. கவிக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த ஒரு சொல்லுக்காகத் தான் பட்ட பாட்டைச் சொல்லித் திட்டியது. ஒழுங்காகப் பாடத் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. புதுப்பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் ஒரு சொல்கூட நாவில் வரவில்லை. யாருக்காகக் கட்டுவது?

ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்த கார்முகிலுக்குத் தன் குஞ்சுப் பருவம் நினைவுக்கு வந்தது. அப்போது அது வேறொரு குளத்தில் இருந்தது. அங்கே ஒரு கிழத் தவளை, மழை வந்தால் "குளம் நிறைந்தது" என்று பாடும். கார்முகில் அதைக் "குடம் நிறைந்தது" என்று பாடிக்கொண்டு திரியும். தவளை ஒருநாளும் திருத்தவில்லை. அடுத்த மழைக்கு அதுவே "குடம் நிறைந்தது" என்று பாடிவிட்டு, கார்முகிலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. அன்றைக்குத்தான் கார்முகிலுக்குத் தானும் பாட்டுக் கட்ட வேண்டும் என்ற ஆசை பிறந்தது. அந்தத் தவளையை இத்தனை வருஷமாக எப்படி மறந்திருந்தோம்?

உடனே கார்முகில் மழையிலேயே வாத்துகள் தங்கும் கோரைப் புதருக்குப் பறந்தது. அதைக் கண்டதும் குஞ்சுகள் தாயின் சிறகுக்குள் ஒளிந்துகொண்டன. கார்முகில் சேற்றில் நின்று முழுப்பாட்டையும் பாடியது. முத்தம் என்று பாடி முடித்தது.

சிறகுக்குள்ளிருந்து தாழை தலையை நீட்டியது. "தப்பாகப் பாடுகிறீர்களே, மாமா. முத்து என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"சொன்னேன். ஆனால் நீ பாடியதுதான் நன்றாக இருக்கிறது."

தாழை மெல்ல வெளியே வந்தது. கொஞ்சம் யோசித்தது. "மீனுக்கு மூக்கு ஏது? அதையும் மாற்றலாமா?"

கார்முகில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. "என்ன வைக்கலாம், சொல்லு."

மழை விடும்வரை குஞ்சுகளும் கவியும் அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

குழந்தைகளுக்கென்று பாட்டைக் கொடுப்பவர், அதை அவர்கள் இஷ்டப்படி பாடவும் விட வேண்டும்.