பாம்பு வைத்த பெயர்

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எண்ணெய்ச் செக்கு நடத்தி வருபவனும், இறையருளால் அறுபத்தெட்டு வயது நிறைந்து அறுபத்தொன்பதில் அடியெடுத்து வைத்தவனும், உச்சினிமாகாளியின் குமாரனுமாகிய வன்னியபெருமாள் என்னும் நான், என் குருவின் முன் நின்று கேட்ட கேள்வி இது:

“வளர்த்தவன் கையையே கடித்த உயிரை, வளர்த்தவனே வெட்டலாமா, ஆகாதா?”

குருவின் பெயர் உலகம்மை. வயது முப்பத்தாறு. என் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவர்.

இளையவரிடம் போய்க் கைகட்டி நிற்கிறானே என்று ஊரார் நகைத்ததுண்டு. நரை கண்ட இடமெல்லாம் ஞானம் இருக்குமாயின், எங்கள் குளத்துக் கொக்குகள் அனைத்தும் முக்தி பெற்றிருக்கும். அவர்களுக்கு நான் கூறும் பதில் அவ்வளவே.

என்னைச் சீடனாக ஏற்றபோது அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். ஓர் உயிரை எடுக்கத் தோன்றினால், எடுப்பதற்கு முன் அவரிடம் வர வேண்டும்.

ஆகவே அவர் மடத்துக்கு வந்தேன்.

வண்டியில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் மலைப்பாம்பு. வைக்கோலுக்குள் அரிவாள். என் வலக்கையில் முழங்கை வரை கட்டு.

புறப்படும் முன், அதை வெட்டிய பிறகே அன்னம் தொடுவேன் என்று தெருவில் நின்று சபதம் கூறியிருந்தேன். கேட்டவர்கள் ஒரு தெருவார் அல்லர், இரண்டு தெருவார்.

உலகம்மை என் கைக்கட்டைப் பார்த்தார்.

“எத்தனாவது கடி அண்ணாச்சி?”

பாம்பு கடித்தது மூன்றாவது முறை என்றேன். அதோடு நிறுத்த என் மனம் இடம் தரவில்லை. நான் வளர்த்த குரங்கு காது மடலைக் கிழித்ததையும், கிளி உதட்டைத் துளைத்ததையும், தாயில்லாமல் கிடந்ததே என்று பால் புகட்டிய நரிக்குட்டி குதிகாலைக் கவ்வியதையும் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தேன்.

மடத்தில் சமையல் செய்யும் ஆவுடையப்பன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி மேல கடிபடாத இடம் எங்கயும் மிச்சம் இருந்தாச் சொல்லும். அதுலயாவது சந்தனம் பூசி வைப்போம்.”

நான் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

உலகம்மையின் கைகளிலும் தழும்புகள் உண்டு. அடிபட்ட கீரியும் கால் முறிந்த மரநாயும் அந்த மடத்துக்குத்தான் வந்து சேரும். ஆதலால் கேட்டேன்.

“தங்களைக் கடித்ததில்லையா?”

“கடிச்சிருக்கு.”

“அப்போது என்ன செய்தீர்கள்?”

“கையை எடுத்துக்கிட்டேன்.”

இது ஒரு பதிலா? என் நெஞ்சு கொதித்தது. என் வலக்கைச் சுட்டுவிரல் இனி மடங்காது என்று வைத்தியர் கூறிவிட்டார். செக்கின் மரத்தைத் தடவிப் பார்த்தே எண்ணெயின் பதம் கூறும் விரல் அது. ஐந்து ஆண்டுகள் சோறிட்டதற்கு அந்த விரலே கூலி.

இவை அனைத்தையும் கூறினேன். சற்று உரக்கவே கூறினேன்.

வண்டியிலிருந்து இறக்கி வைத்த கூடையின் மேல் அவர் கை வைத்தார்.

“இதுக்குப் பேரு உண்டா?”

“ராசாத்தி.”

“நீர் வச்ச பேரா?”

“நானே வைத்தேன்.”

“அது உமக்கு என்ன பேரு வச்சிருக்கு?”

பாம்பாவது, மனிதனுக்குப் பெயர் வைப்பதாவது. நான் என்ன, விளையாடவா மூன்று காதம் வண்டி கட்டி வந்தேன்? ஆயினும் குரு கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறாதிருத்தல் முறையன்று.

“வளர்த்தவன் என்று வைத்திருக்கும். வைத்திருக்க வேண்டும். அதுவே நியாயம்.”

“கேட்டுருவோம்” என்றார்.

பிறகு, அதற்கு இரை போடும் விதத்தைக் கேட்டார்.

இதைக் கூறுவதில் எனக்குப் பெருமை உண்டு. பாம்பாட்டியைப் போல நான் இரையைக் கூடைக்குள் வீசி எறிவதில்லை. எறிவது பிச்சை, கையால் கொடுப்பதே விருந்து. எங்கள் வழக்கம் அது. செக்கடியில் பொறி வைத்துப் பிடித்த எலியை வாலைப் பற்றித் தூக்கி, வாய்க்கு நேராக என் கையாலேயே கொடுப்பேன். கொடுத்த கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, தலையை வருடுவேன். ஐந்து ஆண்டுகளில் ஒருநாளும் இந்த மரியாதையில் குறை வைத்ததில்லை.

“அந்தத் துண்டை இங்க தாரும்.”

கழுத்தைச் சுற்றிக் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். உடல் சூடு ஆறாத துண்டு.

உலகம்மை அதை ஒரு மூங்கில் கழியின் நுனியில் தொங்கவிட்டார். ஆவுடையப்பன் கூடையைத் திறந்துவிட்டுத் தூண் மறைவுக்குப் போனான்.

பாம்பு தலை தூக்கியது. நாக்கை நீட்டியது.

அடுத்த கணம் துண்டு கழியில் இல்லை.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று சுற்று. துண்டின் ஓரச் சிவப்புக் கரை மாத்திரம் வெளியே தெரிந்தது. அது இறுக்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடக்கை என்னை அறியாமலே கழுத்துக்குப் போயிற்று.



துண்டில் உயிரில்லை என்று பாம்பு உணர்ந்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, மீண்டும் கூடைக்குள் சுருண்டு அடங்க உச்சிப்பொழுது ஆயிற்று.

உலகம்மை எழுந்து கிணற்றடிக்குப் போனார். சாம்பலிட்டு முழங்கை வரை தேய்த்தார். மீண்டும் தேய்த்தார். ஈரம் உலரும்வரை வெயிலில் நின்றார். வந்து, கூடைக்குள் கையை நீட்டினார்.

பாம்பு மணிக்கட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தது. பின்பு அவர் கைமேல் ஏறித் தோளில் தலை சாய்த்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று.

“இது எந்த ஊர் நீதி? ஐந்து ஆண்டுகள் ஊட்டியவனுக்குக் கடி. இன்று பார்த்தவருக்குத் தோளில் தலை.”

“நீரும் கழுவிட்டு வாரும்.”

“நானா?”

“நீர்தான்.”

“அம்மா, நான் சுத்தம் அறியாதவன் அல்லன். ஒரு விலங்கைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் நான் வீட்டுப்படி மிதித்ததில்லை. தொட்ட பின் கழுவுவதே உலக வழக்கு. தொடுவதற்கு முன் கழுவு என்றால், பாம்பைவிட என் கை இழிந்தது என்றல்லவா ஆகிறது?”

“ஒவ்வொரு நாளும் கழுவினீரா?”

“ஒவ்வொரு நாளும்.”

“யாருக்காக?”

 



கிணற்றடிக்குப் போனேன். வலக்கையில் கட்டு இருந்தமையால் இடக்கையை மாத்திரம் கழுவ முடிந்தது. ஒற்றைக் கையால் அதே கையைக் கழுவிக்கொள்ள இயலாது. உலகம்மை தண்ணீர் ஊற்ற, ஆவுடையப்பன் சாம்பல் தேய்த்துவிட்டான். விரலிடுக்கில் தேய்த்தான், நகக்கண்ணில் தேய்த்தான். அறுபத்தெட்டு வயதில், பிறர் கை கழுவிவிட நிற்கும் நிலை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எலி வாடை போயிற்றா என்று அவன் என் கையை முகர்ந்து பார்த்தான்.

“இன்னும் ஒரு தரம் அண்ணாச்சி” என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

ஏழாவது முறைக்குப் பின் விட்டான்.

கூடைக்குள் கை நீட்டினேன். 

பாம்பு நாக்கை நீட்டியது. விரலைத் தொட்டது. மணிக்கட்டைத் தொட்டது. மீண்டும் விரலுக்கு வந்தது. அவசரமே இல்லை அதற்கு. என் கையின் நீளத்தை முன்பின் கண்டிராத ஒரு பாதையைப் போல அளந்தது.

கடிக்கவில்லை.

தோளுக்கும் வரவில்லை. எதிரே தலையை நிறுத்தி, என்னைப் பார்த்தவாறே இருந்தது.

எனக்கு அப்போதும் மனம் ஆறவில்லை.

“பாருங்கள் அம்மா. ஐந்து ஆண்டுகள் அம்மா. இன்று வந்த அந்நியனைப் பார்ப்பது போலல்லவா என்னைப் பார்க்கிறது?”

உலகம்மை கூடையின் மூடியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“இன்னைக்குத்தான வந்திருக்கீரு.”

விளம்பி வருடம், ஐப்பசி மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை. பிற்பகலில் மடத்துச் சோற்றை இடக்கையால் உண்டேன்.