பல் அராவிய குறடு

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை. கொலுசுக்கு வளையம் கோக்கும் பெண்களுக்கு முதலாளி கடைத்தெருவின் மலிவுக் குறடுகளை வாங்கிப் போட்டிருந்தார். இரும்புக் கம்பி முறுக்கச் செய்த குறடு அது. அலகில் பல் உண்டு. பல் பட்டால் வெள்ளியில் தழும்பு விழும். தழும்பு விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் அலகில் துணி சுற்றினார்கள். துணி வழுக்கியது; இறுக்கிப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் வீங்கியது.

அந்தப் பெண்களில் ஒருத்தி நல்லம்மாள்; அவளுக்கு அடுத்த பலகையில் பூவாயி. அவள் தன் காசில் ஒரு குறடு வாங்கினாள். லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த அவள் புருஷன் மாதேசன், அதன் பல்லை அரத்தால் அராவி, விளிம்பை உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கினான். கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங்கும் வைத்தான். விட்டால் தானே திறக்கும். விரலுக்குப் பாதி வேலை மிச்சம்.

"என்ன பூவாயி, உன் குறட்டுக்குப் பல்லெல்லாம் கொட்டிப் போச்சா?" என்று முதலாளி சிரித்தார்.

"கொட்டினாலும் நல்லாத்தான் கடிக்குதுங்க மொதலாளி."

அன்றைக்கே அவள் மற்றவர்களிடம், "எல்லாரும் ஒண்ணாப் போயி இந்த மாதிரி குறடு கேட்டா என்ன?" என்றாள். தலைகள் கவிழ்ந்தன. நல்லம்மாளின் தலையும்தான்.

காலம் போனது. மாதேசனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டான். பூவாயிக்கு மார்பில் நோய் கண்டது. கடைசியாக வேலைக்கு வந்த அன்று, நல்லம்மாளின் வீங்கிய விரலைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். "எனக்கப்புறம் என் குறட்ட நீ வச்சுக்க புள்ள" என்றாள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

அவள் செத்த அன்று மாதேசன் அந்தக் குறட்டை அவள் கையில் வைத்து விரல்களை மூடினான். "போற எடத்துலயும் இவ சும்மா இருக்க மாட்டா" என்றான். பாடை கட்டும் சந்தடியில் நல்லம்மாள் அதை உருவிக்கொண்டாள். அந்தக் கை வெறுமையாகப் போகக் கூடாதே என்று, இடுப்பில் செருகி வந்த தன் குறட்டை அதில் வைத்தாள். அடக்கம் முடிந்தது.

பிறகொரு நாள், பூவாயியின் தூக்குச்சட்டியை வாங்கிப் போக மாதேசன் பட்டறைக்கு வந்தான். பலகையைத் துழாவிய கை, நல்லம்மாள் பக்கத்தில் வைத்திருந்த குறட்டில் பட்டது. விரல் அலகைத் தடவிப் பார்த்தது. பல் இல்லை.

"பொதைக்கறப்ப அவ கையில குறடு இருந்துச்சே. எத வச்ச, நல்லம்மா?"

"என்னுத, அண்ணா."

"பல்லு இருக்கறதயா குடுத்து அனுப்பின?"

நல்லம்மாள் குறட்டின் மறு பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"குடு. அவ தலமாட்டுல பொதச்சிட்டு வரேன்."

"அவதாண்ணா எனக்குக் குடுத்தா. இத விட்டா நான் எப்படிப் பொழைக்கறது?"

"எங்கிட்ட அவ சொல்லலியே."

குறட்டின் ஒரு பிடி அவன் கையில்; மறு பிடி அவள் கையில். இதைப் படித்தவர்களே, தீர்ப்புச் சொல்லுங்கள்: நல்லம்மாள் எடுத்தது சரியா, மாதேசன் கேட்பது சரியா?

விடை: குறடு நல்லம்மாளுக்கே. பூவாயி தன் காசில் வாங்கியது. தனக்குப் பின் நல்லம்மாளுக்கு என்று உயிரோடு இருக்கும்போதே சொன்னாள். செத்த விரல் வீங்காது. மாதேசனின் துக்கம் நியாயம். ஆனால் துக்கம் உரிமை ஆகாது. நல்லம்மாளின் பிழை, அவனிடம் சொல்லாமல் எடுத்ததுதான். ஆனால் ஒன்று: நல்ல குறடு கொடு என்று உயிரோடிருக்கும் முதலாளியைக் கேட்க பூவாயி அழைத்தும் அங்கே ஒருத்திக்கும் துணிவில்லை. பிணத்தின் கையைப் பிரிக்கத்தான் துணிவு வந்தது.